அமெரிக்கா தயார்

பக்கத்தைத் திருப்பாதீங்க தம்பி. மேல கொட்டை எழுத்துல அமெரிக்கான்னு போட்டிருக்கே, அதைக் கொஞ்சம் வாசிங்க. கண்ணு நல்லாத்தான் தெரியுது. எழுத்தும் தெரியும். ஆனா நான் பேப்பரைக் கையால தொடறதை விட்டு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. யாராவது வாசிச்சா கேட்டுக்கறது, அவ்வளவுதான்.

என்னது? வியட்நாமா? அமெரிக்காக்காரன் கப்பலை அடிச்சுட்டாங்களா? அவனும் எதுக்கும் தயாரா இருக்கானாமா? அப்படியே போட்டிருக்கா, தயார்னு? அட பாவிகளா. இன்னும் அந்த வார்த்தையை விடலையா இவங்க.

நான் சிரிக்கிறேன்னு ஒண்ணும் நினைக்காதீங்க. இந்தத் 'தயார்'ங்கிற வார்த்தையாலதான் எனக்கு மீசை போச்சு. இப்ப இருக்கே, இது ரெண்டாவது மீசை. முதல் மீசை இதைவிட ஜோரா இருக்கும். பட்டுக்கோட்டையில யாரை வேணா கேளுங்க, அமெரிக்கா வைரக்கண்ணுன்னு. பஸ் ஸ்டாண்டுல சோடா விக்கிறவன்கூட சொல்லுவான். பயலுக கேலிக்குத்தான் சொல்றாங்க, தெரியும். சொல்லட்டும். எனக்கு வெக்கம் கிடையாது. சொன்னது நடந்துச்சா இல்லையா, அதைப் பேசுங்க முதல்ல.

தஞ்சாவூர்தானே போறீங்க? நான் அங்க இறங்கி மெட்ராஸ் ரயிலைப் பிடிக்கணும். நேரம் கிடக்கு, சொல்றேன் கேளுங்க.

ஜெர்மன் சண்டை நடந்த காலம். எனக்கு பஸ் ஸ்டாண்டுக்கிட்ட வாடகை சைக்கிள் கடை. பக்கத்துலேயே கணபதி ஐயர் காபி கிளப்பு. மத்தியான ரயில்ல பேப்பர் வரும். ஐயர் ஒரு பேப்பர் போடுவாரு, நான்தான் வாசிப்பேன். சத்தம் போட்டு வாசிப்பேன், அர்த்தமும் சொல்லுவேன். அந்த நேரத்துக்குன்னே ஆளுக வந்து உக்காருவாங்க. நான் வாசிக்க ஆரம்பிச்சா இட்லி தட்டுல ஆறும் தம்பி, ஒருத்தனும் வாயில வைக்க மாட்டான்.

ஆரம்பத்துல எல்லாம் ஜெர்மன்காரன் சேதிதான். அந்த ஊரைப் பிடிச்சான், இந்த ஊரைப் பிடிச்சான். பாரீஸ் விழுந்தது. லண்டன்ல குண்டு விழுந்தது. வாசிச்சு வாசிச்சு எனக்கே சப்புனு போச்சு. அப்பத்தான் அமெரிக்கா சேதி வர ஆரம்பிச்சுது. வருஷத்துக்கு அம்பதாயிரம் ஏரோப்ளேன் கட்டப்போறான். இங்கிலீஷ்காரனுக்குப் பழைய சண்டைக் கப்பலா அம்பதைத் தூக்கிக் குடுத்துட்டான். வயசுப் பயலுகளையெல்லாம் பேர் எழுதிப் பட்டாளத்துக்கு எடுக்கறான். அமெரிக்கா ஆயத்தம், அமெரிக்கா ஆயத்தம்னு தினம் போடுவான். ஆயத்தம்னா என்னங்கன்னு கிளப்புல கேப்பாங்க. தயார்னு அர்த்தம், வரப்போறான்னு அர்த்தம், இன்னிக்கோ நாளைக்கோன்னு நான் சொல்லுவேன்.

நான் இட்டுக்கட்டிச் சொன்னேனா? நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் தயார் தயார்னு ஒரு வருஷமாச் சொல்றான்னா என்ன அர்த்தம்? வீட்டுல பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, சமையக்காரனுக்கு அச்சாரம் குடுத்தவன், கல்யாணமே இல்லைம்பானா?

எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஒரே ஒரு ஆள்தான் ஒத்துக்கலை. எங்க மாப்பிள்ளை அடைக்கலம்.

மாப்பிள்ளைன்னா என் தங்கச்சி குஞ்சம்மா புருஷன். ரங்கூன்ல செட்டியார் கடையில வேலை. மூணு வருஷத்துக்கு ஒருக்கா ஊருக்கு வருவான், ஆறு மாசம் இருப்பான், போயிடுவான். அந்த வருஷம் வெயில் காலத்துல வந்தவன், சண்டையினால கப்பல் சரியாக் கிடைக்கலைன்னு கொஞ்சம் கூடுதலாவே தங்கிட்டான். நல்ல ஆளு. ஆனா வாய் இருக்கே, அது இந்த பஸ்ஸைவிட நீளம். என்னை எங்க கண்டாலும் வம்புக்கு இழுக்கணும் அவனுக்கு. அவன் ஊர்ல இருந்தா எனக்கும் சோறு நல்லா இறங்கும், அது வேற விஷயம்.

ஐயர் கிளப்பு வாசல்ல ஒரு கரும்பலகை தொங்கும். 'சாப்பாடு தயார்'னு எழுதியிருக்கும். காலையிலேயே தொங்கவிட்டுருவாரு. பதினோரு மணிக்குப் போய் உக்காந்தா இலை வரும், தண்ணி வரும், சோறு மட்டும் வராது. என்னங்காணும்னு கேட்டா, தயார் தயார்னு உள்ளேருந்து குரல் வரும். அடைக்கலம் என்ன பண்ணினான் தெரியுமா? சாக்கட்டியை எடுத்து, சாப்பாடு தயாருக்குக் கீழ, அதே அளவு எழுத்துல 'அமெரிக்கா தயார்'னு எழுதிட்டான்.

கிளப்பே குலுங்கிச்சு. வர்றவன் போறவனெல்லாம், ஐயரே அமெரிக்கா ஒரு பிளேட்டு, ஐயரே அமெரிக்கா சூடா இருக்கான்னு கேக்கறான். ஐயரும் சேர்ந்து சிரிக்கிறாரு, அழிக்க மாட்டேங்கறாரு. எனக்கு வந்துச்சே கோவம். பேப்பரைத் தூக்கி மேஜையில அடிச்சேன்.

"மாப்ளே, எழுதி வச்சுக்க. தீபாவளிக்குள்ள அமெரிக்கா சண்டையில குதிக்கலைன்னா இந்த மீசையை எடுத்துடறேன்."

"குதிச்சுட்டா?"

"உன் மீசையை எடு."

"எடுத்தாப் போச்சு," அப்படின்னான். அவன் மீசையும் சாதாரண மீசை இல்லை. ரங்கூன்லேருந்து மெழுகு வாங்கித் தடவி முறுக்குவான். "ஆனா மச்சான், வேற ஆள் கை வைக்கக் கூடாது. ஜெயிச்சவன் தோத்தவனுக்கு எடுக்கணும், சம்மதமா?"

சம்மதம்னேன். ஊரே சாட்சி.

அந்த ஐப்பசி இருக்கே, அப்படி ஒரு ஐப்பசி பிறக்கவே வேண்டாம். தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கு, சேதி வருது, அமெரிக்கா போர்க்கப்பலை ஜெர்மன்காரன் கடலுக்குள்ளேருந்து அடிச்சுட்டான், ஆளுக செத்துட்டாங்கன்னு. நான் பேப்பரோட தெருவுல ஓடினேன் தம்பி. ஜெயிச்சாச்சுன்னு நினைச்சேன். அடி வாங்கினவன் எந்திரிக்காம இருப்பானா? அவன் எந்திரிக்கலை. கண்டிச்சான், கோபப்பட்டான், எதுக்கும் தயாருன்னான். சண்டைன்னு மட்டும் வாயால சொல்லலை.

தீபாவளி விடிஞ்சுது. எண்ணெய் தேச்சுக் குளிச்சேன், புது வேட்டி கட்டினேன், நானே நடந்து ஐயர் கிளப்புக்குப் போய் பெஞ்சில உக்காந்தேன். ஓடி ஒளியற சாதி இல்லை நான். அடைக்கலம் சோப்பு நுரையைப் போட்டான். கத்தி அவனோடதுதான், ரங்கூன் கத்தி, மடக்குக் கத்தி. பாதி எடுத்ததும் கத்தியை நிறுத்தினான். வேணாம் மச்சான், பாதியோட விட்டுடறேன்னான். பாதி மீசையோட நான் எங்கடா போறதுன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவன் மட்டும் சிரிக்கலை. முழுசா எடுத்தான். எடுத்து முடிச்சு கத்தியைத் துடைச்சு மடக்கி என் சட்டைப் பையில போட்டான். "வச்சுக்க மச்சான், அடுத்த பந்தயத்துக்கு ஆகும்"னான்.

அப்பறம் நான் வெளியில வரலை. மூஞ்சி நம்ம மூஞ்சி மாதிரியே இல்லை. உரிச்ச கோழி மாதிரி இருந்துச்சு. கடையைப் பையன்கிட்ட விட்டுட்டு, வாய்மேல துண்டைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். அந்த நேரம் பார்த்து அவனுக்குக் கப்பல் கிடைச்சுடுச்சு.

கிளம்பறதுக்கு முந்தின நாள் குஞ்சம்மா வந்தா. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு.

"அண்ணே, ஜப்பான்காரன் சும்மா இருக்கமாட்டான், அமெரிக்காவும் வரும், கடலெல்லாம் சண்டையாப் போகும்னு நீங்கதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க. அதை அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. வேலை கிடக்கட்டும்னு சொல்லுங்க. வம்பு பண்ணினாலும் நீங்க சொன்னா கேப்பாரு."

நான் என்ன சொன்னேன்? "அமெரிக்கா வராதுன்னு சொல்லித்தானே என் மீசையை எடுத்தான்? வராதுன்னா ரங்கூனுக்கு என்ன பயம்? போகட்டும். என் பேச்சை நம்பாதவன்கிட்ட நான் எதுக்குப் போய் நிக்கணும்?" அப்படின்னேன். நியாயமா இல்லையா? நீங்க படிச்சவர், நீங்களே சொல்லுங்க. நியாயம்தானே?

அவ முந்தானையை உதறிச் சொருகினா. எந்திரிச்சுப் போயிட்டா.

மறுநாள் அவன் போறப்போ வாசல்ல வந்து கூப்பிட்டான். நான் உள்ளேதான் இருந்தேன். வரலை. மீசையில்லாத மூஞ்சியோட வழியனுப்பச் சொல்றீங்களா? அவன் தெருவுல நின்னுக்கிட்டு நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி கத்தினான். "மச்சான், அடுத்த தீபாவளிக்கு வந்துடுவேன். மீசையை வளத்து வை, மறுபடி எடுக்கணும்!" இன்னும் காதுல இருக்கு.

அவன் போய் ஒரு மாசம் இருக்கும். கார்த்திகை. மத்தியான ரயில்ல பேப்பர் வந்துச்சு. பையன் வீட்டுக்கு ஓடி வந்து குடுத்தான். ஜப்பான்காரன் அமெரிக்கா துறைமுகத்துல குண்டு போட்டான். அமெரிக்கா சண்டையில குதிச்சாச்சு! நான் துண்டைத் தூக்கி எறிஞ்சேன் தம்பி. அரைகுறையா முளைச்ச மீசையோட நெஞ்சை நிமித்திக்கிட்டு நேரா ஐயர் கிளப்புக்குப் போனேன். சாக்கட்டியை எடுத்தேன். 'அமெரிக்கா தயார்'ங்கறதை அழிச்சுட்டு 'அமெரிக்கா வந்தாச்சு'ன்னு எழுதினேன்.

ஒருத்தன் கை குடுக்கணுமே? ஒருத்தன் சிரிக்கணுமே? எல்லாப் பயலும் தபாலாபீஸ் வாசல்ல நிக்கிறான். மலேயாவுல குண்டு விழுந்துடுச்சாம், பினாங்கு என்ன ஆச்சு, ரங்கூன் என்ன ஆச்சுன்னு ஆளாளுக்குப் புலம்பறான். அண்ணன் இருக்கான், மகன் இருக்கான்னு பொம்பளைங்க தெருவுல உக்காந்து அழறாங்க. நான் சொன்னது நடந்துச்சுன்னு எவனுக்கும் ஞாபகமே இல்லை. என்ன ஊரு இது!

கொஞ்ச நேரத்துல குஞ்சம்மா வந்தா. பொம்பளைங்க காபி கிளப்புக்குள்ள கால் வைக்கிற காலமா அது? நேரா வந்தா. முந்தானையால அந்தப் பலகையைத் துடைச்சா. நான் எழுதினதை மட்டும் இல்லை, சாப்பாடு தயாரையும் சேர்த்து முழுசாத் துடைச்சுட்டுப் போயிட்டா. எனக்கு அவமானமாப் போச்சு. கூடப்பிறந்தவளே என் ஜெயிப்பைக் கொண்டாடலைன்னா யார் கொண்டாடுவா? அன்னையிலேருந்துதான் பேப்பரைத் தொடறதில்லைன்னு வச்சேன்.

ரங்கூன்ல குண்டு விழுந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பாடத்துல இருக்கும். ஜனங்க நடந்தே கிளம்பினாங்க. காடு, மலை, காலரா. எவ்வளவு பேர் வந்து சேர்ந்தாங்க, எவ்வளவு பேர் சேரலை, யார் கணக்கு வச்சா? மறு வருஷம் ஆடி வாக்குல மல்லிப்பட்டினத்து மீராசா எலும்பும் தோலுமா வந்து சேர்ந்தாரு. அடைக்கலத்தோட சேர்ந்து நடந்தவரு. அவரு சொல்றாரு, பர்மாவுல புரோம்ங்கிற ஊரைத் தாண்டி மலைப்பாதையில அடைக்கலத்துக்கு வாந்திபேதி கண்டுடுச்சாம். நடக்க முடியலையாம். ஒரு மரத்தடியில உக்காரவச்சு, தண்ணி வச்சுட்டு வந்தாங்களாம். நீங்க போங்க, நான் பின்னால வர்றேன்னானாம். இவரு கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னானாம்.

"எங்க மச்சான்கிட்ட சொல்லுங்க. அமெரிக்கா வந்தது வாஸ்தவம். ஆனா தீபாவளி தாண்டித்தான் வந்துச்சு. மீசை செல்லாது."

இதைச் சொல்லிட்டு மீராசா அழறாரு. எதுக்கு ஓய் அழறீருன்னு கேட்டேன். சாகப்போறவன் பேசற பேச்சா இது? நீங்க சொல்லுங்க தம்பி! சாகப்போறவன் பொண்டாட்டி பிள்ளையைச் சொல்லுவான், சாமியைக் கூப்பிடுவான். பந்தயம் பேசுவானா? தோத்தது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஊருக்கு வந்தா ஊரைக் கூட்டி வச்சு மீசையை எடுப்பேன்னு தெரியும். அதான் வர்றதில்லை. அவ்வளவுதான் விஷயம். இதை நான் அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்.

பன்னெண்டு வருஷம் ஆனதும் அவன் பங்காளிங்க வந்தாங்க. உருவம் செஞ்சு கொளுத்திக் கருமாதி பண்ணணுமாம், குஞ்சம்மா தாலியை இறக்கணுமாம். நான் வாசப்படியில குறுக்க நின்னேன். "அவன் மீசை எனக்குப் பாக்கி இருக்கு. பந்தயம் தீராம எவனும் அவனைச் சாகடிக்கக் கூடாது. உள்ள வர்றவன் என்னைத் தாண்டி வரட்டும்"னேன். பைத்தியம்னாங்க. ஆமாடா பைத்தியம்தான், போங்கடான்னேன். போயிட்டாங்க. அவன் மகளுக்கு நான்தான் கல்யாணம் பண்ணி வச்சேன். பத்திரிகையில 'ரங்கூன் அடைக்கலம்'னு போட்டேன். முன்னால காலஞ்சென்றன்னு ஒண்ணும் போடலை. அச்சாபீஸ்காரன் ரெண்டு தடவை கேட்டான், ரெண்டு தடவையும் முறைச்சேன்.

குஞ்சம்மா இப்பவும் நெத்தி நிறையக் குங்குமம் வைக்கிறா. என் வீட்டுலதான் இருக்கா. அவ மனசுல என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? என்ன இருக்கும்? நான் இருக்கேன்ல. இதுல அவளைக் கேக்கறதுக்கு என்ன இருக்கு?

இப்ப பர்மாக்காரன் நம்ம ஆளுகளையெல்லாம் விரட்டறான், கப்பல் கப்பலா மெட்ராஸ்ல வந்து இறங்கறாங்க, பார்த்திருப்பீங்க. நேத்து உங்களை மாதிரி ஒரு பிள்ளை வாசிச்சுச் சொல்லுச்சு, நாளைக்கு ஒரு கப்பல் வருதுன்னு. இதோட நாலு கப்பலுக்குப் போறேன். இறங்கற ஒவ்வொரு ஆளையும் பார்ப்பேன். அங்க ஒருத்தியைச் சேர்த்துக்கிட்டு இருக்கான்னு ஊர்ல பேசறாங்க. இருக்கட்டுமே! அவளையும் கூட்டிக்கிட்டு வரட்டும். யார் வேணாங்கறா? மீசைதான் எனக்கு வேணும்.

காலையில குஞ்சம்மா புளிச்சோறு கட்டிக் குடுத்தா. எப்பவும், போயிட்டு வாங்கண்ணேன்னு சொல்லுவா, அவ்வளவுதான். இன்னிக்கு வாசல்வரைக்கும் வந்தா. வந்து, "அண்ணே, அவரு வந்தாருன்னா எடுத்ததும் கத்தியைக் காட்டாதீங்க. நீங்களே தோத்துட்டேன்னு சொல்லிருங்க. தீபாவளி தாண்டித்தான் அமெரிக்கா வந்துச்சுன்னு சொல்லிருங்க"ன்னா. இத்தனை வருஷத்துல அவ இதைப் பத்திப் பேசினதே இன்னிக்குத்தான். "அப்படியே அவரு வரலைன்னாலும் சொல்லிருங்கண்ணே. கடலைப் பார்த்தாவது சொல்லிட்டு வந்துருங்க. எனக்குக் கழுத்து வலிக்குது"ன்னா.

கழுத்து வலின்னா திரும்பி வந்து வைத்தியர்கிட்ட காட்டுவோம்னேன். அவ என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

என்ன தம்பி, பேப்பரை மடிச்சுட்டீங்க? ஏன் அப்படிப் பார்க்கறீங்க? நீங்களும் அவ கட்சியா?

தோத்துட்டேன்னு சொல்றதா எனக்குப் பெரிசு? சொல்லுவேன். அவன் அந்தக் கப்பல் படியில காலை வைக்கட்டும். துறைமுகத்துல அத்தனை பேர் முன்னாலேயும் சத்தம் போட்டுச் சொல்லுவேன், நான்தான்டா தோத்தேன், தீபாவளி தாண்டிடுச்சுடா, இந்தா இந்த மீசையையும் எடுத்துக்கடான்னு. அங்கேயே உக்காந்து கன்னத்தைக் காட்டுவேன். ஆனா அவன் வரணும். வந்து எதிர்ல நிக்கணும். வராதவன்கிட்ட நான் எப்படித் தம்பி தோக்கறது?

தஞ்சாவூர் வந்துடுச்சு பாருங்க. அந்த மஞ்சப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. அடியில பிடிக்காதீங்க, அவன் கத்தி இருக்கு. நேத்துதான் சாணை பிடிச்சேன்.